கோமதி நன்றாக இருக்கிறாளா என்று பார்க்கத் திருவனந்தபுரம் போனேன்

திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், கோவளத்துக்குப் போவார்கள், கண் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நான் ஒரு பெண் சந்தோஷமாக இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வரப் போனேன். போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பாளையங்கோட்டையிலிருந்து. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்கிறவர்களுக்கு வேண்டிய நேரம், செலவு எல்லாம் இதில் இருக்கிறது. சந்தோஷத்தைப் பற்றியும் இருக்கிறது. ஆனால் அதில் கிலோமீட்டர் கணக்கு மாதிரித் துல்லியமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், நான் போகும்போது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பித்தான் திரும்பினேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் யோகா டீச்சர். பதினாறு வருடமாக ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் மாணவிகள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் செய்தி போகும். 'மகிழ்ச்சியாக வாழ இன்றைய சிந்தனை' என்று பெயர். மழை, காய்ச்சல், தீபாவளி எதற்கும் நிறுத்தியதில்லை. எனக்கே வயிற்றுவலி என்றாலும் சிந்தனை மட்டும் சிரித்த குரலில் போய்விடும்.

என் வகுப்புக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்த ஆசனமாக இருந்தாலும் உதட்டில் சிரிப்பு இருக்க வேண்டும். தொடை நடுங்கலாம், வியர்வை ஒழுகலாம், முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால், "என்ன, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி நிக்கீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவேன். உடம்பு கஷ்டப்படும்போது முகம் சிரித்துப் பழகினால், வாழ்க்கை கஷ்டப்படுத்தும்போதும் முகம் சிரிக்கும் என்பது என் சித்தாந்தம். அதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தச் சட்டத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் கோமதி. ஏழு வருடம் என்னிடம் படித்தாள். நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அந்தரத்தில் நிற்கும் ஆசனத்தில் மூன்று நிமிடம் நிற்பாள், முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவள் மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்களிடம், "கோமதி மூஞ்சியப் பாருங்க, அதான் பாடம்" என்பேன். அந்த ஐப்பசிக்கு எட்டு மாதம் முன்னால் அவள் கல்யாணமாகித் திருவனந்தபுரம் போய்விட்டாள். மாப்பிள்ளை மணிகண்டனுக்குச் சாலை பஜாரில் கயிற்றுக்கடை. அவருடைய தாத்தா காலத்தில் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து போன குடும்பம்.

கோமதியின் அம்மா பேச்சியக்காவும் என் வகுப்புதான், முதல் வரிசை. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனபிறகு அவர் மட்டும் நின்றார்.

"டீச்சர், ஒரு எட்டு போயி எம்புள்ளயப் பாத்துட்டு வாங்க. போன் போட்டா 'நல்லாருக்கேம்மா'ங்கா. அதுக்கு மேல ஒத்த வார்த்த வரமாட்டேங்கு. நான் போனா மறைச்சிருவா, உங்ககிட்ட மறைக்க மாட்டா. அவ சந்தோஷமா இருக்கான்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா இருப்பேன். இல்லன்னு சொன்னீங்கன்னா, மறுநாளே அவ அண்ணன அனுப்பிக் கூட்டிட்டு வந்துருவேன்."

பதினாறு வருடமாகச் சந்தோஷத்தைப் பற்றித் தினமும் ஒரு நிமிடம் பேசுகிறவளிடம் கேட்க நியாயமான கேள்விதான். பார்த்துச் சொல்கிறேன் என்று தைரியமாக ஒத்துக்கொண்டேன். ஒரு குடும்பமே என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் நிற்கிறது என்பது ரயில் ஏறியபிறகுதான் உறைத்தது.

வகுப்புக்கு அன்றைக்கு லீவு விட்டிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து காலை நாலே முக்காலுக்கு வண்டி. முன்பதிவில்லாத பெட்டி, டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம். நாகர்கோவிலுக்கு அப்புறம் இடதுபக்கமா வலதுபக்கமா என்று யோசிக்கவே வேண்டாம், இரண்டு பக்கமும் பச்சைதான். வள்ளியூர் தாண்டியதும் அன்றைய சிந்தனையைப் பதிவுசெய்ய போனை எடுத்தேன். "மகிழ்ச்சியான மனிதரை எப்படிக் கண்டுகொள்வது என்றால்..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை அழித்தபோது எதிரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்றைக்குச் சிந்தனை போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எட்டே முக்காலுக்குத் தம்பானூர், திருவனந்தபுரத்தின் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் இருக்கிற இடம். ஸ்டேஷனிலிருந்து சாலை பஜாருக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நடந்தால் இருபது நிமிடம். கையில் பேச்சியக்கா கொடுத்துவிட்ட முறுக்கு டின் இருந்ததால் ஆட்டோ பிடித்தேன். மீட்டர் போட்டார், முப்பது ரூபாய். ஓட்டுநருக்கு வழியில் இரண்டு போன் வந்தன. இரண்டுக்கும் "சுகமல்லே?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இந்த ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் 'சுகம்தானே?' என்று இப்படிக் கேட்பதுதான் வழக்கம். எனக்கு இருந்த குழப்பத்தில் அவரிடமே கேட்டேன், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லையா என்று.

"சுகமல்லேன்னு கேட்டா சுகம்னு பறயும், அவ்ளோதன்னே. இல்லன்னு பறஞ்சா பின்னே வண்டிய நிறுத்திட்டு மொத்தக் கதையும் கேக்கணும் சேச்சி" என்றார்.

சாலை பஜாருக்குள் ஆட்டோ மெதுவாகத்தான் போகும். ஒரு பக்கம் வாழைத்தார் இறக்குவார்கள், ஒரு பக்கம் வற்றல் மிளகாய் மூட்டை. தும்மிக்கொண்டே போய் இறங்கினேன். கீழே கடை, மேலே வீடு. கோமதி படியிறங்கி ஓடிவந்தாள். ஏழு வருடம் நான் பார்த்த அதே முகம், அதே சிரிப்பு. அப்பாடா என்றிருந்தது. பார்த்த முதல் நிமிடத்திலேயே வேலை முடிந்ததென்று நினைத்தேன். மாடிப்படி ஏறும்போதுதான், இந்தச் சிரிப்பு இவளுக்கு எப்போதுமே இருக்குமே, இதை வைத்து என்ன முடிவு செய்வது என்று தோன்றியது.

சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு மூன்று அடையாளம் என்று வகுப்பில் சொல்வேன்: நல்ல பசி, நல்ல தூக்கம், வாயில் ஒரு பாட்டு. சரி, அதையே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். காலைச் சாப்பாடு புட்டும் கடலைக்கறியும். கோமதி நன்றாகவே சாப்பிட்டாள், ஆனால் வேகமாகச் சாப்பிட்டாள். பசியா, சீக்கிரம் எழுந்து போகும் அவசரமா, தெரியவில்லை. தூக்கத்தைப் பற்றி மாமியாரிடம் நைசாகக் கேட்டேன். "ராத்திரி ஒம்பது மணி ஆனா போதும், மோளு உறங்கிப் போவும். இடி விழுந்தாலும் அறியாது, கேட்டோ" என்றார். அது நிம்மதியா, அசதியா? துணி மடிக்கும்போது கோமதி ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அதே இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள், மூன்றாவது வரிக்குப் போகவே இல்லை.

சமையலறையில் கோமதி கரண்டியை எடுத்தால் மாமியார், "நீ இரி மோளே, ஞான் செய்யாம்" என்று வாங்கிக்கொண்டார். மருமகளை உட்காரவைத்துச் சமைத்துப்போடும் மாமியார் என்று நம் ஊரில் கோயில் கட்டுவார்கள். அடுப்பையே விட்டுக்கொடுக்காத மாமியார் என்றும் சொல்லலாம். கோமதியிடம் கேட்டதற்கு, "அத்தை ரொம்ப நல்லவங்க டீச்சர்" என்று சிரித்தாள். என் கைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம் என்று குறித்துக்கொண்டே வந்தேன். மதியம் எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்பது. அதிலும் பாதி, ஒரே விஷயமே இரண்டு பக்கத்திலும் இருந்தது.

என் திட்டப்படி இரண்டு மணிக்குத் தம்பானூரில் பஸ் ஏறியிருக்க வேண்டும். மாமியார், "ஊணு கழிக்காம போகண்டா" என்று இலை போட்டுவிட்டார். பாயசத்தோடு மதியச் சாப்பாடு முடிந்து கைகழுவும்போது வானம் இருட்டி, ஐப்பசி மழை கொட்ட ஆரம்பித்தது. அங்கே இதைத் துலாமழை என்கிறார்கள், மதியத்துக்குமேல்தான் வரும், வந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் ஆளை நகரவிடாது. மாமியார் படுக்கப் போனார். நான் கீழே கடையில் மணிகண்டன் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தேன். கோமதி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி அடித்தது. கோமதி கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், கடைக்குப் பின்னால் இருந்த குடோனுக்குள் போனாள். மணிகண்டன் எழுந்துபோய் குடோன் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். தன் ஸ்டூலை அதற்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர் மழையில் நனைந்து உள்ளே வந்து, வள்ளத்துக்குத் தடித்த நைலான் கயிறு கேட்டார். அது குடோனில்தான் இருக்கிறதாம். "பதினஞ்சு மினிட் நிக்கணும் சேட்டா" என்றார் மணிகண்டன். கதவுக்கு அந்தப் பக்கம் சரக்கு, இந்தப் பக்கம் வாங்க வந்தவர், நடுவில் கடைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக நின்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கிட்டே போய், "அவள ஏன் உள்ள வச்சு அடைச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மணிகண்டன் பதறி எழுந்தார். "அய்யோ டீச்சர், அடைக்கல்ல! அவளுக்கு வேண்டித்தான் இரிக்குறேன். ஆரும் உள்ள போயிடக் கூடாதுல்லே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கல்யாணம் கழிஞ்சு முதல் மாசம், கட்டில்ல இடிச்சு கால்விரல் நகம் பெயர்ந்துபோச்சு. ரத்தம் வருது. இவ சிரிக்கா டீச்சர். கண்ணுல வெள்ளம், வாயில சிரிப்பு. எனிக்குப் பயமாயிருச்சு. கேட்டா, டீச்சர் அப்படித்தான் பழக்குனாங்கன்னு பறஞ்சா. அம்மா முன்னாடி சிரிப்பு, கடையில சிரிப்பு, என் முன்னாடியும் சிரிப்பு. பின்னே ஒருநாள் குடோன்ல தனியா இருக்கும்போது பாத்தேன், மூஞ்சி சும்மா இருந்துச்சு. அன்னையிலிருந்து மூணு மணிக்கு அவ அங்க போவா, ஞான் இங்க இரிப்பேன்."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"டீச்சர்தானே படிப்பிச்சது. அத மாத்தான் பற்றுமோ?"

மாற்ற முடியுமா என்று கேட்கிறார். வளைவது எப்படி, இளைப்பது எப்படி, முட்டிவலி போவது எப்படி என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கற்றுக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று யாரும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குமேல், யார் மேல் என்று தெரியாத ஒரு கோபமும் வந்தது.

அப்போது ஷட்டரைக் கையால் தூக்கிக்கொண்டு கோமதி குனிந்து வெளியே வந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. சோகமும் இல்லை. கொஞ்சம் களைப்பு, கன்னத்தில் கயிற்றுச் சுருளில் சாய்ந்த தடம். ஏழு வருடத்தில் நான் பார்க்காத கோமதி. அவள் கண் என்மேல் பட்டது. கரண்ட் வந்ததும் பல்பு எரிகிற மாதிரி சிரிப்பு வந்துவிட்டது. எனக்காக வந்தது அது.

"கோமதி, அத இறக்கு" என்றேன், வகுப்பில் காலை இறக்கச் சொல்லும் அதே குரலில்.

"எத டீச்சர்?"

"சிரிப்ப."

அவள் முயன்றாள். உதடு ஒரு ஓரம் இறங்கியது, உடனே ஏறிக்கொண்டது. இரண்டு முறை முயன்றாள். "உங்க முன்னாடி வரமாட்டேங்கு டீச்சர்" என்றாள், சிரித்துக்கொண்டே.

அவளை மறுபடி குடோனுக்குள் கூட்டிப்போனேன். மணிகண்டன் மீன்பிடிக்காரருக்குக் கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழையபடி வாசலில் உட்கார்ந்துகொண்டார். நான் அவளுக்கு முதுகைக் காட்டி, கயிற்றுச் சுருள்களைப் பார்த்தபடி நின்றேன். இப்போ பேசு என்றேன்.

"இங்க எல்லாரும் நல்லவங்க டீச்சர். நான் மலையாளம் பேசுனா கடைக்கு வாரவுக சிரிக்காங்க, நானும் கூடச் சேந்து சிரிச்சிருதேன். அத்தை எல்லாத்தயும் அவங்களே செஞ்சிருதாங்க. சில நாளு நல்லாருக்கும், சில நாளு என்ன செய்யன்னே தெரியாது. அழணும்னுல்லாம் இல்ல. மூஞ்சிய சும்மா வச்சுக்கிடணும் டீச்சர், அம்புட்டுதான். அதுக்கு இந்த எடம் போதும்."

"ஊருக்கு வாரியா? உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவான்."

"ஊருக்கு வந்தா அங்கயும் சிரிக்கணும்லா" என்றாள். "இங்கயாவது வாசல்ல ஒரு ஆளு இருக்காரு."

"அப்போ அம்மாகிட்ட என்ன சொல்ல? சந்தோஷமா இருக்கான்னு சொல்லட்டா?"

பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "சொல்லுங்க. பொய் இல்ல. முழுசும் இல்ல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சிரித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மழை நாலேகாலுக்கு விட்டது. மணிகண்டன் ஸ்கூட்டரில் தம்பானூரில் கொண்டுவிட்டார். ஐந்து மணிக்கு நாகர்கோவில் பஸ், எழுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து திருநெல்வேலிக்கு எண்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பஸ்ஸில் வருவதைவிட ரயில் மலிவு, இடுப்புக்கும் நல்லது. வழியெல்லாம் நோட்டை எடுத்து இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். கடைசியில் அந்தத் தாளைக் கிழித்துப் பஸ் டிக்கெட்டோடு சுருட்டிவிட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஐப்பசியில் போனால் குடை இல்லாமல் போகாதீர்கள். வெளிவேலையை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் வேட்டி, சேலை எடுத்துக்கொள்ளுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். எனக்கு நேரமில்லை, போகவில்லை. சாலை பஜாரில் கயிறு, பாத்திரம், மசாலா எல்லாம் நம் ஊர்க்காரர்கள் கடைகளிலேயே கிடைக்கும், தமிழில் கேட்டே வாங்கலாம். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். மூன்று மணி வரைக்கும் இருங்கள்.

பேச்சியக்காவுக்கு என்ன சொன்னாய் என்று கேட்பீர்கள். மறுநாள் காலை ஐந்தேகாலுக்கே மாடியில் காத்திருந்தார்.

"சந்தோஷமா இருக்காளா டீச்சர்?"

"நல்லாருக்கா அக்கா. அவ அண்ணன அனுப்ப வேண்டாம். போன் போட்டா நல்லாருக்கியான்னு கேக்காதீங்க, கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவா. என்ன சமையல், மழை பெய்யுதான்னு கேளுங்க." பிறகு குடோனைப் பற்றியும், மூன்று மணியைப் பற்றியும், மணிகண்டன் போட்டு உட்காரும் ஸ்டூலைப் பற்றியும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என் சட்டத்தால் வந்த வினை அது என்பதையும் சொன்னேன்.

பேச்சியக்கா எல்லாவற்றையும் சிரித்த முகமாகவே கேட்டார். பதினொரு வருடமாக முதல் வரிசையில் நான் பார்த்துப் பாராட்டிய சிரிப்பு. அவர் வீட்டுக்காரர் தவறியபோது பதினாறாம் நாள் வகுப்புக்கு வந்ததும் இதே சிரிப்போடுதான்.

"அவளுக்கு அப்படி ஒரு எடம் கெடச்சிருக்கு" என்றார். "எனக்கு எங்க டீச்சர் இருக்கு?"

வகுப்பை ஆரம்பித்தேன். கடைசிப் பதினைந்து நிமிடம் எல்லாரும் மல்லாந்து படுக்கும் நேரம். வழக்கமாக ஒவ்வொரு பாயாக நடந்து முகங்களைச் சரிபார்ப்பேன். அன்றைக்கு, "மூஞ்சிய எப்படி வேணும்னாலும் வச்சுக்கோங்க, நான் பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மாடிப்படி வாசலில் போட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மண்டபத்து மேனேஜர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் படியேறி வந்தார். கையைக் குறுக்கே நீட்டி, பதினைந்து நிமிடம் நிற்கச் சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கப் பார்த்தார், நான் நாற்காலியை நகர்த்தி மறைத்தேன்.

பின்னால் முதல் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.